வளைபாதச் சிகிச்சையின்போது குழந்தைக்கு உடை அணிவித்தல்

வளைபாதம் என்பது பிறக்கும்போதே குழந்தையின் பாதம் உள்நோக்கித் திரும்பியும், குதிகால் மேல்நோக்கி இழுக்கப்பட்டும் இருக்கும் குறைபாடு ஆகும். மருத்துவமனைகளில் இதைக் ‘கிளப் ஃபுட்’ என்பர். ஏறத்தாழ 1,000 குழந்தைகளில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளில் சுமார் இரு மடங்கு மிகுதி. பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இரு பாதங்களும் வளைந்திருக்கும். சிகிச்சைக் காலத்தில் குழந்தையின் கால் முதலில் மாவுக்கட்டிலும் பின்னர் ‘பிரேஸ்’ எனப்படும் தாங்கியிலும் இருப்பதால், வழக்கமான உடைகள் பல பொருந்துவதில்லை.

சிகிச்சையின் கட்டங்கள்

இன்று உலகெங்கும் பின்பற்றப்படுவது பொன்செட்டி முறை. ஸ்பெயினின் மெனோர்கா தீவில் பிறந்த எலும்பு மருத்துவர் இக்னாசியோ பொன்செட்டி (1914–2009), அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இதை உருவாக்கினார். அவர் பிறந்த ஜூன் 3ஆம் நாள் உலக வளைபாத நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இம்முறையில் பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பி, முழங்காலை மடக்கிய நிலையில், பாதம் முதல் தொடையின் மேற்பகுதி வரை மாவுக்கட்டுப் போடுவர். 5 முதல் 7 நாட்களுக்கு ஒருமுறை கட்டு மாற்றப்படும். பெரும்பாலும் 4 முதல் 7 கட்டுகள் தேவைப்படும். பல குழந்தைகளுக்குக் குதிகால் நாணை ஒரு சிறு துளை வழியே வெட்டிவிடுவர். அந்த நாண் நீண்டு மீண்டும் சேரும்வரை, 3 வாரங்களுக்குக் கடைசிக் கட்டு இருக்கும். அதன்பின் ஒரு பட்டையால் இணைக்கப்பட்ட இரு காலணிகள் கொண்ட தாங்கி அணிவிக்கப்படும். முதல் 3 மாதங்கள் நாளொன்றுக்கு 23 மணி நேரமும், பின்னர் 4 அல்லது 5 வயது வரை தூங்கும் நேரங்களிலும் இதை அணிய வேண்டும்.

மாவுக்கட்டுக் காலத்தில்

மாவுக்கட்டு முழுமையாக உலர 1 முதல் 2 நாட்கள் ஆகும். அதுவரை அதன்மேல் துணியோ போர்வையோ மூடாமல் காற்றுப்பட விட வேண்டும். உலர்ந்த பிறகும் கால்விரல்கள் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். விரலை மெல்ல அழுத்தினால் வெளுத்து, விட்டவுடன் பழைய நிறத்திற்குத் திரும்புவது இரத்த ஓட்டம் சரியாக இருப்பதன் அறிகுறி. விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, வீங்கினாலோ, கட்டுக்குள் நழுவி மறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விரல்களை மூடும் காலுறையும் பாதம் வரை நீளும் உடையும் இந்த அறிகுறிகளை மறைத்துவிடும்.

மேலுக்கு ஜப்லா, முன்பக்கம் முடிச்சிடும் சட்டை, கவுன் போன்றவை வசதியானவை. கால்சட்டை தேவைப்பட்டால், தொடைப்பகுதி அகன்ற, ஓரளவு பெரிய அளவை வாங்கலாம். மாவுக்கட்டு காலைக் கதகதப்பாக வைத்திருப்பதால், வெயில் காலத்தில் மெல்லிய பருத்தி ஆடையே போதும். டயப்பர் கட்டும்போது மாவுக்கட்டின் மேல்விளிம்பு டயப்பருக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் சிறுநீர் கட்டுக்குள் இறங்கித் தோலைப் புண்ணாக்கும். லங்கோடு கட்டுவோர் அதை அடிக்கடி மாற்ற வேண்டும். கட்டு நனையக் கூடாது என்பதால், தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டாமல் ஈரத்துணியால் உடலைத் துடைக்க வேண்டும். கட்டுக்குள் எண்ணெயோ பவுடரோ போடக் கூடாது.

கொலுசு, தண்டை, காலில் கட்டும் கறுப்புக் கயிறு ஆகியவற்றை முதல் கட்டுக்கு முன்பே கழற்றிவிட வேண்டும். கட்டு மாற்றும் நாளில் உடை நனைந்து மாவு ஒட்டும் என்பதால், ஒரு மாற்று உடையை எடுத்துச் செல்வது நல்லது.

தாங்கிக் காலத்தில்

இப்போது இரு கால்களும் பட்டையால் இணைந்திருப்பதால், மூடிய கால்சட்டையைப் பாதத்தின் வழியே மாட்ட இயலாது. இரு கால்களுக்கு இடையே பொத்தானோ ஜிப்போ உள்ள உடைகளும், கவுன்களும் ஏற்றவை. பட்டையைத் தனியே கழற்ற முடிந்த தாங்கிகளில், கால்சட்டையை மாட்டிய பின் பட்டையைப் பொருத்தலாம். உள்ளாடை போல் மேலே இழுத்து மாட்டும் டயப்பரைவிட, பக்கவாட்டில் ஒட்டும் டயப்பர் எளிது.

காலணிக்குள் கணுக்காலுக்கு மேல்வரை நீளும் மெல்லிய பருத்திக் காலுறை அணிவிக்க வேண்டும். அதில் மடிப்போ சுருக்கமோ இருந்தால் தோல் உரசிக் கொப்புளம் வரும். தையல் தடிப்பாக இருந்தால் காலுறையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பிப் போடலாம். வியர்வை மிகுந்த ஊர்களில் நாள்தோறும் மாற்றுவது அவசியம். குதிகால் காலணியின் அடியில் நன்றாகப் படிந்த பிறகே வார்களை இறுக்க வேண்டும். தோல் சிவந்த இடத்தில் களிம்போ எண்ணெயோ பூசினால் தோல் மென்மையாகி உரசல் மிகும். போர்வையைக் காலில் இறுகச் சுற்றாமல் தளர்வாகப் போர்த்த வேண்டும்.

உடைக்காகத் தாங்கியைக் கழற்றலாமா?

நாளொன்றில் எஞ்சியுள்ள அந்த 1 மணி நேரம் குளியலுக்கும் தோலைப் பார்வையிடவும் உரியது. காதுகுத்துக்குப் புதுச்சட்டை போடவோ, படம் எடுக்கவோ, உறவினர் கேள்விகளைத் தவிர்க்கவோ சில குடும்பங்கள் தாங்கியைக் கழற்றி வைப்பதுண்டு. ஒருநாள் கழற்றியது மறுநாளும் தொடர்ந்தால், குழந்தை தாங்கியில்லாமல் இருக்கப் பழகி, மீண்டும் அணிவிக்கும்போது அழுது எதிர்க்கும். திருத்தப்பட்ட பாதம் மீண்டும் வளைவதற்கு முதன்மைக் காரணம், தாங்கியைச் சொன்ன நேரம் அணியாமல் விடுவதே. மீண்டும் வளைந்தால் மாவுக்கட்டைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும்.

விழாவுக்குப் பட்டுப்பாவாடை, கவுன், அகன்ற வேட்டித் துணி போன்றவற்றைத் தாங்கியுடனேயே அணிவிக்கலாம். கால்சட்டையே வேண்டுமெனில், உட்கால் தையலைப் பிரித்து அழுத்துப் பொத்தான் வைத்துத் தருமாறு தையற்காரரிடம் கேட்கலாம். உடையைத் தாங்கிக்கு ஏற்ப மாற்றுவது ஒரு மணி நேர வேலை. பாதம் மீண்டும் வளைந்தால் அதைத் திருத்தப் பல வாரங்கள் ஆகும்.