தொண்டுக்குப் புறப்படுமுன்



சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு மாலைப் பொழுதில் என் பழைய மாணவி ஒருத்தி என்னைக் காண வந்தாள். பத்தாம் வகுப்பில் கணக்கோடு மல்லாடியவள்; இன்று தேர்ந்த செவிலி. ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டுச் சிற்றூர் மருத்துவமனை ஒன்றில் ஆறு வாரம் ஊதியமின்றிப் பணிபுரியப் போவதாகச் சொன்னாள். என் உள்ளம் பூரித்தது. அடுத்து அவள், "ஐயா, போகும்போது நிறைய மருந்து திரட்டிக்கொண்டு போகலாம் என்று எண்ணுகிறேன். நம் பள்ளிப் பிள்ளைகளிடம் தாங்கள் ஒரு சொல் சொன்னால் போதும்" என்றாள்.

நான் உடனே விடை கூறவில்லை. என் நினைவு 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துக்குப் போய்விட்டது. ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையை அழித்த அந்த வாரத்தில், உள்நாட்டுப் பள்ளி ஒன்றில் ஆசிரியனாக இருந்த நான், வகுப்பு வகுப்பாகச் சென்று மருந்து கேட்டேன். பிள்ளைகள் வீட்டில் உள்ளதையெல்லாம் கொணர்ந்தார்கள். பாதி தின்ற மாத்திரை அட்டைகள், பிசுபிசுத்த இருமல் மருந்துப் புட்டிகள், பெயர் அழிந்த களிம்புகள். இரண்டு பெட்டிகளில் அடைத்து லாரியில் ஏற்றினோம். பத்து நாள் கழித்து அம்முகாமுக்கு நானும் சென்றேன். அங்கே இரண்டு உதவியாளர்கள், எங்கள் பெட்டிகளைப் போன்ற பெட்டிகளின் நடுவே அமர்ந்து, காலம் கடந்தவற்றைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். வெளியே நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். மருத்துவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே எனக்கு மிகுதியும் சுட்டது.

அதே பேரலையால் அழிந்த இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் நடந்தது இதைவிடப் பெரிது. உலகெங்கிலுமிருந்து சுமார் 4,000 டன் மருந்து அங்கே வந்து குவிந்தது. அவற்றில் ஏறத்தாழ 70 விழுக்காட்டின் மேலுறையில் இருந்தது அவ்வூரார் படிக்க இயலாத மொழி. எந்த நோய்க்கு, எந்த அளவில் என்று தெரியாத மருந்து, மருந்தாகுமா? அதைக் காக்க இடம் வேண்டும். அழிக்கவும் பணம் வேண்டும். மருந்துக் கொடைக்கென உலக சுகாதார நிறுவனம் 1996ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்திருந்தது. பெறுவோர் கேட்டதையே அனுப்புக. போய்ச் சேரும் நாளில் குறைந்தது ஓராண்டுக் காலமேனும் எஞ்சியிருத்தல் வேண்டும். வணிகப் பெயரோடு நில்லாமல் மருந்தின் பொதுப்பெயரையும் அவர்கள் அறிந்த மொழியில் எழுதுக என்பன அவற்றுட் சில. எங்கள் பள்ளியில் ஒருவருக்கும் இது தெரியாது. எனக்குந்தான்.

ஆகவே அவளிடம், "முதலில் அந்த மருத்துவமனைக்கு எழுதிக் கேள், அம்மா" என்றேன். விடை வந்தது. அதில் ஒரு மருந்தின் பெயரும் இல்லை. கையுறைகளும், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகள் இரண்டும் கேட்டிருந்தார்கள். அந்நாட்டுச் செவிலியர் மன்றத்தில் தற்காலிகமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும், அதற்குச் சான்றிதழ்களை முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். இலவசமாக ஊசி போடுகிறவர்க்கும் உரிமம் வேண்டுமா என்று அவள் வியந்தாள். நம் ஊரில் முன்பின் அறியாதவர் வந்து நம் குழந்தைக்கு ஊசி போட முனைந்தால் நாம் விடுவோமா?

இனி, பெட்டியில் வைக்காமலே நாம் எடுத்துச் செல்லக்கூடிய ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நோய். 2010ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் ஹைட்டி நாட்டைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ஐக்கிய நாடுகளின் அமைதிப் படை முன்னமே அங்கிருந்தது. அக்டோபரில் நேபாளத்திலிருந்து புதிய பிரிவு ஒன்று வந்து சேர்ந்தது. காக்க வந்தவர்கள்தாம். ஆயினும் அவர்களது முகாமின் கழிவு ஓர் ஓடையில் கலந்தது. ஓடை ஆர்த்திபோனித் ஆற்றில் சேர்ந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் காலராவைக் காணாத நாட்டில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நோயுற்றனர். பதினாயிரம் பேர் அளவில் மாண்டனர். 2016ஆம் ஆண்டு ஐ.நா. பொதுச் செயலாளர் அம்மக்களிடம் மன்னிப்புக் கோரினார். காலரா வழங்கும் இடங்களிலிருந்து புறப்படுவோரை முன்கூட்டியே சோதித்தோ, தடுப்பு மருந்து கொடுத்தோ அனுப்ப வேண்டும் என்று, இதனை ஆராய்ந்த வல்லுநர் குழு 2011லேயே கூறியிருந்தது.

நோய் அங்கிருந்து நம்முடன் திரும்பி வரவும் கூடும். உகாண்டாவில் மஞ்சள் காய்ச்சல் உண்டு. அதைப் பரப்புவது ஏடிஸ் கொசு. நம் வீட்டுத் தொட்டியிலும் உடைந்த சட்டியிலும் பிறந்து, பகலில் கடித்து, டெங்குக் காய்ச்சலைத் தருகிறதே, அதே கொசுதான். நம் நாட்டில் இக்கொசு எங்கும் நிறைந்திருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் மட்டும் இதுவரை பரவியதில்லை. நோயுற்ற ஒருவர் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிடுங்கள். அதனாலேயே அந்நாடுகளிலிருந்து தடுப்பூசிச் சான்று இல்லாமல் வருவோரை 6 நாள் வரை தனித்து வைக்க நம் அரசு விதி செய்திருக்கிறது. நோய் உட்புகுந்து வெளிப்படப் பெரும்பாலும் 3 முதல் 6 நாள் ஆகும். கணக்கு அங்கிருந்து வந்தது.

இத்தடுப்பூசியைக் கண்டவர் மாக்ஸ் தைலர். அதற்காக 1951ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார். அரசு குறித்த நிலையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நிலையம் அவற்றுள் ஒன்று. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்பது 2016 ஜூலை முதல் உள்ள விதி. ஆனால் போட்ட 10 நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும். என் மாணவி கடைசி வாரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்! தேர்வுக்கு முதல்நாள் புத்தகம் திறக்கும் பழைய வழக்கம். நான் சொல்லிச் சென்னைக்கு ரயில் ஏறினாள்.

மலேரியாவுக்கு ஊசியை நம்பிப் போகவில்லை, மாத்திரை உண்டு. அவளுக்கு மருத்துவர் எழுதித் தந்தது டாக்சிசைக்கிளின். புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, நாள்தோறும் ஒன்றாக, ஊர் திரும்பிய பின்னும் நான்கு வாரம் உண்ண வேண்டும். கொசு கடித்த இடம் அங்கேயே நின்றுவிடும். கிருமியோ ஈரலில் சில நாள் தங்கிப் பிறகே இரத்தத்தில் இறங்கும். திரும்பியவர்களுள் பலர், வீடு வந்தோமே என்று மாத்திரையை நிறுத்திவிட்டுக் காய்ச்சலில் விழுகிறார்கள்.

பங்குனியில் புறப்பட்டவள் சித்திரை கடந்து திரும்பினாள். மெலிந்து, கறுத்து, மகிழ்ச்சியோடு வந்து என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தாள். அங்குள்ள தாய்மாரின் மொழியில் 'எங்கே வலிக்கிறது' என்று கேட்கக் கற்றுக்கொண்டதைச் சொல்லிக் காட்டினாள். என் மனைவி சோறு பரிமாற, உண்டு முடித்ததும் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு மாத்திரையை விழுங்கினாள். "இன்னும் ஒன்பது நாள் பாக்கி, ஐயா" என்றாள்.