எந்த இலை மஞ்சளித்தது?

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கொல்லைகளில் ஒரு செம்பருத்தியோ எலுமிச்சையோ இல்லாத வீடு குறைவு. ஒரு நாள் அதன் இலை மஞ்சளிக்கிறது. உடனே என்ன செய்கிறோம்? ஒரு கை யூரியாவை அள்ளி வேரில் போடுகிறோம்.

நானும் அதைத்தான் செய்தேன். வில்லியனூரில் எங்கள் வீட்டுச் சுவரோரம் என் தாயார் வைத்த செம்பருத்தி மஞ்சளித்தது. வாரம் ஒரு முறையாக மூன்று முறை யூரியா இட்டேன். இலை விளிம்புகள் கருகின. இரண்டு மாதத்தில் செடி பட்டுப்போயிற்று. கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நான் செய்த பிழை என்ன? நோயறியாமல் மருந்து கொடுத்ததுதான்.

முதலில் இலை ஏன் மஞ்சளாகிறது என்று பார்ப்போம். இலையில் விழும் வெயிலில் சிவப்பையும் நீலத்தையும் பச்சையம் மிகுதியாக உறிஞ்சிக்கொள்கிறது. பச்சை ஒளியைக் குறைவாகவே உறிஞ்சுகிறது. ஆகவே இலை பச்சையாகத் தெரிகிறது. கரோட்டினாய்டுகள் என்னும் மஞ்சள் நிறமிகளும் இலையில் எப்போதும் உண்டு. பச்சையம் குறைந்தால் அவை வெளியே தெரியும். மஞ்சள் புதிதாக வந்ததன்று. பச்சை போனதன் அடையாளம்.

பச்சையம் ஏன் குறைகிறது? அதன் மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு. அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள். இரும்பு அதில் இல்லை. ஆனால் இரும்பு இல்லாமல் செடியால் பச்சையத்தைத் தயாரிக்க முடியாது. இவற்றுள் எது குறைந்தாலும் இலை வெளிறும்.

எது குறைந்தது என்று எப்படி அறிவது? இலை இருக்கும் இடத்தைப் பாருங்கள். தழைச்சத்தாகிய நைட்ரஜனும் மக்னீசியமும் செடிக்குள் இடம் பெயரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால், முதிர்ந்த இலைகளிலிருந்து அவற்றை எடுத்துச் செடி கொழுந்துக்கு அனுப்பும். எனவே அடியிலைகள் முதலில் மஞ்சளிக்கும். இலை முழுவதும் வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளித்தால் மக்னீசியக் குறைவு என்று ஐயுறலாம். இரும்போ எளிதில் இடம் பெயராது. ஆகையால் கொழுந்திலைதான் மஞ்சளிக்கும். அதன் நரம்புகள் பச்சை வலைபோல் தெரியும்.

எங்கள் செம்பருத்தியில் மஞ்சளித்தது கொழுந்து! வீடு கட்டியபோது கொட்டிய சுண்ணாம்புக் காரை அந்த மண்ணில் கலந்திருந்தது. காரத்தன்மையுள்ள மண்ணில் இரும்பு இருந்தாலும் கரையாது. வேரால் எடுக்க முடியாது. யூரியா என்ன செய்யும்?

1840களில் பிரான்சு நாட்டு அறிஞர் யூசெப் கிரி, மஞ்சளித்த இலையின்மேல் இரும்பு உப்புக் கரைசலைத் தடவினார். இலை பச்சையாயிற்று. இன்றும் மருந்து அதுவே. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, மாலையில் இலைகள்மேல் தெளிக்கலாம். முதலில் ஓர் இலையில் மட்டும் தடவிச் சில நாள் பாருங்கள். பச்சை திரும்பினால் உங்கள் கணிப்புச் சரி.

வயலிலும் இதே பாடம்தான். நட்ட சில வாரங்களில் நெல்லிலையில் துருநிறப் புள்ளிகள் தோன்றும் 'கைரா' நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்று 1966இல் பந்த்நகரில் ஒய்.எல். நெனே கண்டறிந்தார். துத்தநாக சல்ஃபேட் அதைத் தீர்த்தது. பாகூர் உழவர் யூரியா இடுமுன் இலை வண்ண அட்டையோடு நெல்லிலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பச்சை போதுமானால் உரம் வேண்டாம். பணம் மிச்சம், மிகுந்த நைட்ரேட் கிணற்று நீரில் இறங்குவதும் குறையும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சளித்த செடி ஒன்றைத் தேடுங்கள். மஞ்சளித்தது அடியிலையா, கொழுந்தா? நரம்பு பச்சையா, மஞ்சளா? மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள், நீர் தேங்கியிருக்கிறதா? நீர் தேங்கினால் வேருக்குக் காற்றின்றியும் இலை மஞ்சளிக்கும். அப்போது வடிகால்தான் மருந்து. இந்த மூன்று கேள்விக்கும் விடையை நோட்டில் எழுதிய பிறகே உரப்பையைத் திறவுங்கள்.