வெள்ளம் எங்கிருந்து வருகிறது?



சொந்த வயலை விட்டு வந்து உப்புக்குளத்திலும் அதனை அண்டிய கரையோரக் குடியிருப்புகளிலும் வாழும் விவசாயக் குடும்பங்களிடம் மழைகால ஆயத்தம் பற்றிக் கேட்டால், அநேகமாக ஒரே பதில்தான் கிடைக்கிறது: “எங்களுக்கு ஓடிப் பழக்கம் சுவாமி. வெள்ளம் வந்தால் ஓடுவோம்.”

இந்தப் பதிலில் வேதனையும் உண்டு, ஒரு தவறும் உண்டு. ஷெல் வீச்சுக்கு ஓடுவதும் வெள்ளத்துக்கு வெளியேறுவதும் ஒன்றல்ல. ஷெல் சொல்லிவிட்டு வருவதில்லை. வெள்ளமோ பெரும்பாலும் சொல்லிவிட்டே வருகிறது. அது எங்கிருந்து சொல்கிறது என்பதை அறிந்துகொண்டால், ஓடவேண்டிய குடும்பம் ஒழுங்காகப் புறப்படலாம்.

ஆபத்து தொலைவில் தொடங்குகிறது

மன்னார்ப் பெருநிலத்தின் வெள்ளம் பெரும்பாலும் இங்கே பெய்த மழையினால் வருவதல்ல. சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படும் எமது அருவியாறு 164 கிலோமீற்றர் நீளமானது. அது அனுராதபுர மாவட்டத்தின் ஊடாக ஓடி வந்து, தேக்கம் அணைக்கட்டில் கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் கொடுத்து, அரிப்பு, வங்காலைப் பகுதியில் கடலை அடைகிறது. அனுராதபுரத்தில் கடும் மழை பெய்தால், அங்குள்ள நாச்சதுவ முதலிய பெருங்குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தால், அந்த நீர் முழுவதும் எம்மை நோக்கியே வரும். 1957 டிசம்பர் பெருவெள்ளத்தில் நாச்சதுவக் குளக்கட்டே உடைந்தது. எனவே நானாட்டானில் வெயில் எறிக்கும்போதும் வெள்ளம் வரலாம்.

புயலும் அப்படியே. 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு தனுஷ்கோடியை அழித்த புயல், அதற்கு முன் இலங்கையின் வடபகுதியைக் கடந்தே வந்தது. தலைமன்னாரும் அதில் பெருஞ் சேதமடைந்தது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு கிழக்குக் கரையில் ஏறிய புரெவி, மறுநாள் மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மழையிலும் மண்சரிவிலும் நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் மாண்டனர். அப்போதும் அருவியாறு பெருகி மன்னாரின் தாழ்நிலங்களை மூடியது.

ஆகவே வானொலியில் “திருகோணமலை”, “முல்லைத்தீவு”, “அனுராதபுரம்” என்ற பெயர்களைக் கேட்டால், அது மற்றவர்களுக்கான செய்தி என்று விட்டுவிடாதீர்கள். அந்த நீரும் காற்றும் இங்கு வந்து சேர எடுக்கும் நேரமே எமக்குக் கிடைக்கும் அவகாசம். நீர்ப்பாசனத் திணைக்களம் வான்கதவு திறப்பதாக அறிவித்தால், ஆற்றோரத்தில் இருப்பவர்கள் அன்றே புறப்பட வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் எந்நேரமும் அழைத்துக் கேட்கலாம்.

புதிய மண்ணைக் கேட்டறியுங்கள்

சொந்த ஊரில் மழைநீர் எந்த ஒழுங்கையால் ஓடும், எந்த மேட்டில் தங்காது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தது. வந்து குடியேறிய இடத்தில் அந்த அறிவு இல்லை. இடம்பெயர்ந்தவர் இழந்தவற்றுள் இதுவும் ஒன்று.

ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். குளம், மடு, மோட்டை, பள்ளம் என்ற சொற்கள் உள்ள இடங்கள் நீரை அறிந்த இடங்கள். உப்புக்குளம் என்ற பெயரும் அதையே சொல்கிறது. அயலிலுள்ள முதியவர் ஒருவரிடம், அவர் கத்தோலிக்கரோ, இந்துவோ, முஸ்லிமோ, “முன்பு தண்ணீர் எதுவரை வந்தது?” என்று கேளுங்கள். அவர் காட்டும் அடையாளத்தை மரத்திலோ மதிலிலோ குறித்து வையுங்கள். உங்கள் கொட்டில் அதற்குக் கீழே இருந்தால், எந்தப் பாடசாலைக்கு அல்லது ஆலயத்துக்கு எந்த வழியால் போவது என்பதைப் பிள்ளைகளுடன் ஒருமுறை நடந்து பாருங்கள்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

1. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை இரட்டைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வையுங்கள். பிரதி ஒன்றை மேட்டுநிலத்தில் இருக்கும் உறவினரிடம் கொடுங்கள். முகாமுக்கு அம்மிக்கல்லைச் சுமந்து வந்த ஒரு தாயை நான் அறிவேன். காணிப் பத்திரம் பெட்டியில் கிடந்து போயிற்று. அம்மியை மீண்டும் வாங்கலாம். பத்திரத்துக்கு அவர் பல வருடம் அலைந்தார்.

2. விதைநெல்லைத் தரையில் வைக்க வேண்டாம். பரண் கட்டி, தறப்பாளால் மூடுங்கள்.

3. கூரைத் தகரத்தைக் கயிற்றால் முளைக்கட்டையோடு இழுத்துக் கட்டுங்கள்.

4. மூன்று நாட்களுக்கான குடிநீர், உலர் உணவு, மருந்து, ரோச் லைற், நெருப்புப்பெட்டி ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள்.

5. புறப்படும் வேளையில் ஆடுமாடுகளை மேட்டுக்குக் கொண்டுபோங்கள். முடியாவிடில் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.

6. வீதியை மேவி வெள்ளம் பாயும்போது உழவு இயந்திரத்திலும் கடக்க முயலாதீர்கள்.

வெள்ளம் வடிந்த பின்

கிணற்றில் மலசலகூடக் குழியின் நீர் கலந்திருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரின் இடும்வரை கொதித்தாறிய நீரையே குடியுங்கள். கடல்நீர் புகுந்த கிணற்றை ஓயாமல் இறைக்க வேண்டாம். தீவின் நன்னீர் உப்புநீரின்மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலெழும். 2004 சுனாமியின் பின் கிழக்குக் கரையில் கற்ற பாடம் இது. சேற்று வயலில் இறங்குமுன் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேளுங்கள். இறங்கிய பின் காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

சேத விபரத்தை உடனே கிராம அலுவலரிடமும், பயிரழிவைக் கமநல சேவை நிலையத்திலும் பதியுங்கள். தற்காலிகமாக வசிப்பவர்கள் தங்கள் பெயர் கிராமப் பதிவில் உள்ளதா என்பதை மழைக்கு முன்பே பார்த்துக்கொள்வது அவசியம். நிவாரணம் பிச்சையல்ல. ஆனால் பதிவில் இல்லாத குடும்பம் அதிகாரியின் கண்ணில் படுவதில்லை.

மணல்மேல் வீடு கட்டிய மனிதனின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவன் அந்த இடத்தைத் தானே தெரிந்துகொண்டான். உங்களுக்கோ மணலே கிடைத்தது. ஆகவே பாதுகாப்பான காணியைக் கேட்பது உங்கள் உரிமை. அதற்காகக் குரல் கொடுப்பது எமது கடமை. அந்தக் காணி கிடைக்கும்வரை மழை காத்திருக்காது. இந்த ஞாயிறு வழிபாடு முடிந்து வீடு சென்றதும், அந்தப் பத்திரப் பையைக் கட்டுவதில் இருந்து தொடங்குங்கள்.