விரைவும் விவேகமும்: நக்கமுராவின் சதுரங்கப் பாணி

ஒரு கவிஞனின் நடையை ஆராய முற்படும் நாம், அவன் எதனைப் பாடினான் என்று பார்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. எவ்விடத்தில் அவன் கை துணிந்தது, எவ்விடத்தில் தயங்கிற்று என்பதனையும் நோக்குகிறோம். சதுரங்க வீரனுக்கும் அவ்வாறான நடையொன்று உண்டு. குறித்துவைக்கப்பட்டுள்ள அவனுடைய ஆட்டங்களை வரிசைப்படுத்திப் படிப்போர்க்கு அது புலனாகும். இணையத்திலே விரைவாட்டம் ஆடி உலகப் புகழ் பெற்றவரான ஹிக்காரு நக்கமுராவின் நடையை, அதன் நிறைகுறைகளோடு, இக்கட்டுரையில் நோக்க விரும்புகிறேன்.

என்னை இம்முயற்சிக்குத் தூண்டியவன் என் மாணவன் ஒருவன். தமிழ் கற்பிப்பதோடு பாடசாலைச் சதுரங்கக் கழகத்தையும் சில ஆண்டுகளாக நான் கவனித்து வருகிறேன். கழகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரன் அவன். சென்ற ஆண்டு நடந்த போட்டியொன்றில், சமநிலையில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டத்தில், சிந்தியாமல் அரசனைக் கையில் எடுத்துவிட்டான். தொட்ட காயையே நகர்த்த வேண்டும் என்பது விதி. நகர்த்தினான், தோற்றான். அவனுடைய கடிகாரத்திலோ இன்னும் இருபது நிமிடம் மீதியிருந்தது. "கைத்தொலைபேசியில் ஒரு நிமிட ஆட்டம் ஆடி ஆடித்தான் உன் புத்தி கெட்டது. இனி அதைத் தொடாதே" என்று மற்ற மாணவர் முன்னிலையில் அவனை ஏசினேன். அவன் தலையைக் குனிந்தபடி, "சேர், நக்கமுராவும் அப்பிடித்தானே விளையாடுறார்?" என்று கேட்டான். எதிர்த்துப் பேசுகிறான் என்று எண்ணி மேலும் கடிந்தேன். அடுத்த வாரம் அவன் கழகத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அவன் கேட்ட வினா மட்டும் என்னை விட்டு அகலவில்லை. விடுமுறை நாட்களில் நக்கமுராவின் ஆட்டங்களைத் தேடியெடுத்து, பலகையில் காய்களை அடுக்கி, ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்தேன்.

நக்கமுரா 1987ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி யப்பானில், ஒசாக்காவுக்கு அணித்தான ஹிரகட்டாவில் பிறந்தவர். தந்தை யப்பானியர், தாய் அமெரிக்கர். இரண்டு வயதிலே அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே அவருக்குச் சதுரங்கம் கற்பித்தவர் மாற்றாந்தந்தையான சுனில் வீரமந்திரி. இலங்கையிற் பிறந்த இவர், அமெரிக்கப் பாடசாலைச் சிறுவர்க்குச் சதுரங்கம் கற்பிப்பதைத் தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்டவர். எனவே, நம் நாட்டு ஆசிரியர் ஒருவரின் பங்கும் இந்த வீரரின் ஆக்கத்தில் உண்டு. 1998இல், பத்து வயதும் 79 நாட்களுமாயிருந்தபோது, நக்கமுரா தேசிய மட்டத்தில் மாஸ்டர் பட்டம் பெற்றார். 2003இல், பதினைந்து வயதும் 79 நாட்களுமாயிருந்தபோது, கிராண்ட்மாஸ்டரானார். பொபி ஃபிஷரின் நெடுநாளைய அமெரிக்கச் சாதனை அதனால் முறியடிக்கப்பட்டது. பின்னர் ஐந்து முறை அமெரிக்கச் சம்பியனானார்.

இவ்வளவும் பலகைக்கு முன்னமர்ந்து பெற்ற வெற்றிகள். அதே காலத்தில் இணையத்தில் வேறொரு நக்கமுரா வளர்ந்துகொண்டிருந்தார். அந்த உலகின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். பெரும் போட்டிகளில் முதல் நாற்பது நகர்வுகளுக்கு ஒருவருக்கு இரண்டு மணித்தியாலம் வரை கிடைப்பதுண்டு. இணையத்திலோ முழு ஆட்டத்துக்கும் மூன்று நிமிடம், சிலவேளை ஒரே நிமிடம். எதிரி நகர்த்துமுன்பே நம் மறுமொழியைத் திரையிற் குறித்து வைத்துவிடலாம். அவன் நகர்த்தியதும் அது தானாகவே நிகழும். அத்தகைய களத்தில் கடிகாரமும் ஒரு காயாகிவிடுகிறது. அக்களத்தில் நக்கமுராவுக்கு நிகரானவர் மிகச் சிலர். இணைய விரைவாட்டத்துக்கென நடத்தப்படும் பெருந்தொடரை 2018 முதல் 2022 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து வென்றார். 2022இல் இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்றவர், அன்று உலகச் சம்பியனாயிருந்த மக்னஸ் கார்ள்சன்.

இவரது முதற் பலம் கண்ணின் பலம். விரைவாக ஆடுபவர் விரைவாகச் சிந்திக்கிறார் என்று நாம் நினைக்கிறோம். உளவியலாளர் கண்டது வேறு. சேஸ், சைமன் என்னும் அமெரிக்க அறிஞரிருவர் 1973இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். உண்மையான ஆட்டமொன்றின் நிலையைச் சில செக்கன் மாத்திரமே காட்டி மறைத்தபோது, தேர்ந்த வீரர் பெரும்பாலான காய்களைச் சரியாக அடுக்கிக் காட்டினார். காய்களைக் கண்டபடி சிதறி வைத்துக் காட்டியபோதோ அவருடைய நினைவாற்றல் புதியவரின் ஆற்றலிலும் பெரிதாக மேம்பட்டிருக்கவில்லை. தேர்ந்தவர் காய்களைத் தனித்தனியாகக் காண்பதில்லை. பழகிய அமைப்புகளாகக் காண்கிறார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவனுக்கும் சொல்லை ஒரே பார்வையிற் படிப்பவனுக்கும் உள்ள வேறுபாடே இது. நக்கமுராவின் வேகம் இளமை முதல் ஆடித் தீர்த்த எண்ணற்ற ஆட்டங்களின் சேமிப்பு. அந்தச் சேமிப்பு இல்லாதவன் அவரைப்போல விரைந்தால் எழுத்தறியாதவன் ஏட்டைப் புரட்டியது போலாகும்.

இரண்டாவது பலம் துணிவு. 2007இல் பார்சலோனாவில் போலந்து நாட்டு வீரர் கிரசென்கோவோடு கறுப்புக் காய்களைக் கொண்டு ஆடிய ஆட்டம் இதற்குத் தக்க சான்று. 21ஆம் நகர்வில், எதிரியின் அரசனை அடுத்திருந்த சிப்பாயைத் தம் அரசியாலே வெட்டினார் நக்கமுரா. அரசியை அரசன் கொன்றான். பின்னர் அவனுக்கு ஓய்வில்லை. பிஷப் ஒருபுறம், கோட்டை மறுபுறம், குதிரை இன்னொருபுறம் என மாறிமாறித் துரத்த, வெள்ளை அரசன் தன் மாளிகையை விட்டு வெளியேறி எதிரியின் பாதிப் பலகைக்குள் ஓடி, ஓரத்திலே சிறைப்பட்டான். 28ஆம் நகர்வோடு கிரசென்கோ ஆட்டத்தைக் கைவிட்டார்.

மூன்றாவது பலம் எதிரியின் இயல்பறிதல். 2008இல், ஆளுக்கு மூன்று நிமிடம் கொண்ட இணைய ஆட்டமொன்றில், அக்காலத்தின் வலிமைமிக்க கணனி ஆட்டக்காரனாகிய ரிப்காவை எதிர்த்தார். கணக்கிடுவதில் இயந்திரத்தை மனிதன் வெல்லல் அரிது. ஆதலால் நக்கமுரா பலகையின் வழிகளையெல்லாம் அடைத்துவிட்டுக் காத்திருந்தார். சிப்பாய் நகராமலும் காய் வெட்டப்படாமலும் ஐம்பது நகர்வுகள் கழிந்தால் ஆட்டம் சமநிலையாகும் என்பது விதி. தானே மேலோங்கியிருப்பதாகக் கணக்கிட்ட இயந்திரம், அச்சமநிலையைத் தவிர்க்க வேண்டித் தன் நிலையைத் தானே குலைத்துக்கொண்டது. 271 நகர்வுகளின் பின் மனிதன் வென்றான். விரைவாட்டத்தின் வேந்தர், பொறுமையினாலே பெற்ற வெற்றி இது.

இனிக் குறைகளைப் பார்ப்போம். இளமையில் இவருக்குத் துணிவு சிலவேளை விளையாட்டுத்தனமாயிற்று. 2005இல், தென்மார்க்கும் சுவீடனும் களமாக இருந்த போட்டியொன்றில், சென்னையைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் சசிகிரணுக்கு எதிராக இரண்டாம் நகர்விலேயே அரசியைப் பலகையின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். அரசியை அத்தனை விரைவில் வெளியே கொணராதே என்பது கழகத்திற் சேரும் சிறுவனுக்கு நான் சொல்லும் முதற்பாடம். இணையத்திலே எதிரியைத் திகைக்கவைக்கும் அந்த நகர்வு, ஆறுதலாகச் சிந்திக்க நேரமிருந்த சசிகிரணைத் திகைக்கவைக்கவில்லை. நெடுநேரம் போராடி நக்கமுரா தோற்றார்.

வெல்லும் நிலையை வெற்றியாக முடிக்க இயலாமை இன்னொரு குறை. 2014இல் சூரிச்சில் கார்ள்சனுக்கு எதிராக அவர் நடத்திய தாக்குதல் உறுதியான வெற்றியை நோக்கிச் சென்றது. முடிக்கும் வழி தவறியது. அதே ஆட்டத்தில் தோல்வியும் வந்தது. நெடுநேர ஆட்டத்தில் கார்ள்சனை அவர் முதன்முதலாக வென்றது 2016இல், பில்பாவோ நகரில். அதற்குமுன் பன்னிரண்டு முறை தோற்றிருந்தார்.

அதே 2016ஆம் ஆண்டு, உலகச் சம்பியனை எதிர்க்கும் உரிமைக்காக மொஸ்கோவில் நடந்த போட்டியில் நிகழ்ந்ததைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன். லெவொன் அரோனியனுடன் ஆடிய கோட்டை இறுதியாட்டத்தில், சமநிலை காக்கக்கூடிய வேளையில், நக்கமுரா தம் அரசனைத் தொட்டுவிட்டார். தவறென்று உடனே உணர்ந்தார். ஆயினும் விதியை அரோனியன் வலியுறுத்தினார். அரசனையே நகர்த்தினார், ஆட்டத்தை இழந்தார். என் மாணவனுக்கு நேர்ந்தது எழுத்துக்கெழுத்து இதுதான். "நக்கமுராவும் அப்பிடித்தானே" என்று அவன் கேட்டது எதிர்ப்புரையாக இருக்கவில்லை. தன் தவறுக்குத் துணை தேடிய ஒரு சிறுவனின் குரலாகவே அது இருந்திருக்க வேண்டும். எனக்கு அன்று அது கேட்கவில்லை.

இத்தவறின் காரணத்தையும் சிந்தித்தேன். திரையிலே காயைப் பிடித்துத் தூக்கினாலும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம், தண்டனை இல்லை. அங்கே கை முந்துகிறது, மனம் பின்தொடர்கிறது. மரப்பலகையிலோ தொடுதலே தீர்ப்பு. இரண்டு களங்களையும் ஆள்பவன் இரண்டு கைகளை வளர்த்துக்கொள்ள வேண்டும்.

நக்கமுரா திருந்தவில்லையா? திருந்தினார். எதிரியோடு மோதிச் சிதறும் இளமைக்காலத் தொடக்க நகர்வுகளைக் குறைத்து, உறுதியான அரண்களைத் தேர்ந்தார். 2018இலிருந்து தம் ஆட்டங்களை இணையத்தில் ஒளிபரப்பலானார். 2020இல் கொள்ளைநோய் மக்களை வீட்டுக்குள் அடைத்தபோது அவ்வொளிபரப்பு பெருகி அவருக்குத் தனி வாழ்வூதியமாயிற்று. ஒளிபரப்பிலே அவர் ஆடிக்கொண்டே தாம் எண்ணுவதை வாய்விட்டுச் சொல்கிறார். ஆசிரியர்க்கு இதன் பயன் தெரியும்: பிறர்க்கு விளக்குபவன் தன் எண்ணத்தையும் செம்மை செய்துகொள்கிறான். தோற்றால் வாழ்வு போய்விடும் என்ற அச்சமும் நீங்கிற்று. இரண்டாண்டுகளுக்கு மேலாக நெடுநேரப் போட்டிகளை விட்டிருந்தவர், 2022இல் பேர்லினில் மீண்டும் பலகைக்கு முன்னமர்ந்து வென்றார். 2023இல் நோர்வேயில் முதலிடம் பெற்றார். 2025இல், முப்பத்தேழாம் வயதில், உலக வரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தார்.

எனினும் ஒரு குறை எஞ்சியது. 2022இல் மட்ரிட்டில் கடைசிச் சுற்றிலே சமநிலை கிடைத்திருந்தால் அவருக்கு இரண்டாமிடம் உறுதி. அவரோ தற்காப்பிலே ஒடுங்கியிருந்து டிங் லிரெனிடம் தோற்றார். கார்ள்சன் பட்டத்தைத் துறந்ததனால், இரண்டாமிடம் பெற்ற டிங் 2023இல் முடிசூடும் போட்டியில் ஆடி உலகச் சம்பியனானார். 2024இல் ரொறன்ரோவில் விதித் குஜராத்தியிடம் இருமுறை தோற்ற நக்கமுரா, முதலிடத்தை அரைப் புள்ளியினால் இழந்தார். கடைசிச் சுற்றில் வென்றேயாக வேண்டிய ஆட்டத்தில் அவரைச் சமநிலையிலே நிறுத்தி முதலிடம் கொண்டவர், சென்னைச் சிறுவன் குகேஷ். அவ்வாண்டின் இறுதியிலேயே உலகச் சம்பியனுமானார்.

என் கருத்து இதுதான். நக்கமுராவின் விரைவு அவருடைய குறையன்று. சமநிலை போதும் என்ற வேளையில் தம் இயல்பான துணிவை மடித்து வைத்துவிடுவதும், கண் முதலிற் கண்டதை மனம் மறுமுறை வினவாததுமே குறைகள். வீரமந்திரி எழுதிய சதுரங்கப் பாடநூல், வாசகனைக் கேள்வி கேட்டுச் சிந்திக்கத் தூண்டும் நூல். அக்கேள்வி கேட்கும் பழக்கமே விரைவுக்குக் கடிவாளம். நானோ கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் தடை விதித்தேன்.

சென்ற சனிக்கிழமை அந்த மாணவனின் வீட்டுக்குப் போனேன். மொஸ்கோ ஆட்டத்தைப் பலகையில் அடுக்கிக் காட்டி, அன்று நான் ஏசியது பிழையென்று சொன்னேன். கைத்தொலைபேசியில் ஆடலாம், ஆனால் ஒவ்வோர் ஆட்டமும் முடிந்தபின், மனத்துக்கு முன் கை சென்ற இடம் ஒன்றைக் கொப்பியிற் குறித்துவைக்க வேண்டும் என்றேன். அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "சேர், நீங்களும் ஒரு நிமிட ஆட்டம் ஒண்டு ஆடிப் பாருங்கோவன்" என்று கைத்தொலைபேசியை நீட்டினான்.

ஆடினேன். பதினான்காம் நகர்வில் என் நேரம் தீர்ந்தது. அடுத்த கழக நாளில், எனக்கு முன்னதாகவே வந்து அவன் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.