நாடி பிடிக்கும் பனியன்!

பனியனில் நமக்குத் தெரிந்தது இரண்டே வகை. கை வைத்தது, கை இல்லாதது. மூன்றாவது ஒன்றும் உண்டு... நாடி பார்ப்பது!

1996-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் இப்படியொரு சட்டையை உருவாக்கியது சுந்தரேசன் ஜெயராமன் குழு. நம்ம ஆள்தான்! சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். (முன்பு, 'விசிகால்க்' கணக்கு சாஃப்ட்வேர் தந்த கம்பெனியிலும் இருந்தவர். பி.காம். படித்த அடியேனுக்குக் கூடுதல் சந்தோஷம்!) பணம் போட்டது அமெரிக்கக் கடற்படை. சிப்பாய்க்குக் குண்டு எங்கே பட்டது, இதயம் எப்படித் துடிக்கிறது என்று சட்டையே சொல்ல வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடும்.

இப்போது அதே வித்தையில் கம்ப்யூட்டர் கேம் ஆடலாம். தசை அசைந்தாலும் இதயம் துடித்தாலும் உடம்பில் துளி மின்சாரம் பிறக்கும். வெள்ளி பூசிய நூல் அதைப் பிடித்துச் சின்னக் கருவிக்குத் தர, அது வயரே இல்லாமல் கேமுக்கு அனுப்பும். நீங்கள் கையை மடக்கினால் ஹீரோ குத்து விடுவான். நெஞ்சு படபடத்தால் பேய் பக்கத்தில் வரும்!

ஆசை பழசு. 1984-ல் அடாரி கம்பெனி 'மைண்ட்லிங்க்' என்று நெற்றிப்பட்டை செய்தது. புருவத்தை உயர்த்தியே ஆட வேண்டும். ஆடியவர்களுக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். கடைக்கே வரவில்லை. 2009-ல் நின்டெண்டோ, விரலில் மாட்டும் நாடிக் கருவியை அறிவித்தது. 100 பேரில் 90 பேருக்குத்தான் சரியாக வேலை செய்ததாம். மூட்டை கட்டிவிட்டார்கள்.

விளையாட்டில் பத்துப் பேரை விட்டுவிடலாம். உயிர் விஷயத்தில்?

ஏற்காடு மலையில் வெள்ளக்கடை போயிருந்தபோது இந்தக் கதையை அளந்தேன். காபித் தோட்டத்துப் பெரியவர் ஒரே கேள்விதான் கேட்டார். "ஏஞ் சாமி, வெளையாட்டுக்கு நாடி பாக்குற துணி, எங்களுக்குப் பாக்காதா?"

நியாயமான கேள்வி. அங்கே ராத்திரி நெஞ்சு வலித்தால், ஏற்காடு வழியாக 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் பெரிய ஆஸ்பத்திரி. வண்டி கீழே வருமுன்பே நாடிக் கணக்கு டாக்டர் மேஜைக்கு வந்தால் எத்தனை நிமிஷம் மிச்சம்!

ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்குக் கம்பெனியே இந்தப் பனியனை இலவசமாகக் கொடுக்கலாம். மேனேஜர் கூப்பிட்டதும் எகிறும் துடிப்பு யார் ஃபைலில் ஏறும்? 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்டுத்தான் விவரம் எடுக்கச் சொல்கிறது. வேலை சம்பந்தமான சிலவற்றுக்கு விலக்கும் தருகிறது!

அதனால் பனியன் வாங்கும்போது சைஸை மட்டும் பார்க்காதீர்கள். துடிப்பு நம்முடையது, கணக்குப் புத்தகம் யாருடையது என்றும் கேட்டுவிடுங்கள்.