விண்மீனைச் சுற்றும் தூசியில் என்ன கல் இருக்கிறது?

தெற்கு வானில் பீட்டா பிக்டோரிஸ் என்றொரு விண்மீன் உண்டு. தூரம் சுமார் 63 ஒளியாண்டு. வயது ஏறக்குறைய 2 கோடி ஆண்டு. விண்மீன் கணக்கில் இது பச்சிளம் பருவம். அதைச் சுற்றித் தட்டு வடிவில் தூசி பரந்து கிடக்கிறது. அந்தத் தூசி எந்தக் கல்லின் தூசி என்பது வரை இப்போது தெரிந்திருக்கிறது.

நம் வீட்டு அலமாரியில் படியும் தூசி மாதிரியா? இல்லை. இதில் கல், பனிக்கட்டி, கரிப்பொருள் ஆகியவற்றின் நுண்துகள்கள்தான் இருக்கின்றன. கல்லில் பெரும்பங்கு சிலிக்கேட்டு (சிலிக்கனும் ஆக்சிஜனும் உலோகங்களோடு சேர்ந்த கனிமம்). நாம் வீடு கட்டும் கருங்கல்லும் இந்தக் குடும்பம்தான்.

யாரும் போய் அள்ளி வரவில்லையே, எப்படித் தெரியும்? விண்மீனின் சூட்டை வாங்கும் தூசி, அதை அகச்சிவப்புக் கதிராக (கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்) திரும்ப விடுகிறது. ஒவ்வொரு கனிமத்தின் அணுக்களும் தத்தம் பாங்கில் அதிர்வதால், சில அலைநீளங்களில் மட்டும் கதிர் கூடுதலாக வரும். எந்த அலைநீளம் என்று பார்த்தால் கனிமத்தின் பெயரைச் சொல்லிவிடலாம்.

இதைவிட அருமையான செய்தி ஒன்றும் அந்தக் கதிரில் கிடைக்கிறது: அந்தத் துகள் எவ்வளவு சூட்டைக் கண்டது என்பது. பஞ்சுமிட்டாயும் கற்கண்டும் ஒரே சர்க்கரைதான். முன்னதில் மூலக்கூறுகள் தாறுமாறாக இருக்கின்றன, பின்னதில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் சிலிக்கேட்டுத் தூசி அநேகமாக முழுவதும் முதல் வகை. அது படிகமாக (அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட நிலை) மாற ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும்.

அப்படி மாறுவதை யாராவது பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். இஎக்ஸ் லூபி என்ற இளம் விண்மீன் 2008இல் திடீரென்று சுமார் 100 மடங்கு பிரகாசமானது. அதற்கு முன்பே ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி அதன் தூசியை அளந்திருந்தது; அப்போது படிகத்தின் அடையாளம் இல்லை. பிரகாசம் கூடியபோது மறுபடி அளந்தால், கதிரின் வரைபடத்தில் ஆலிவைன் படிகத்தின் கூரிய முகடு எழுந்து நின்றது. ஆலிவைன் என்பது மக்னீசியமும் இரும்பும் கலந்த பச்சை நிறச் சிலிக்கேட்டு.

பீட்டா பிக்டோரிஸிலும் இதே ஆலிவைன்தான் கிடைத்தது. ஹெர்ஷல் விண்தொலைநோக்கியின் அளவீட்டை வைத்து 2012இல் அறிவித்தார்கள். அதிலுள்ள உலோகத்தில் மக்னீசியம்தான் ஏறக்குறைய எல்லாமே. இரும்பு 1 சதவீத அளவுக்குத்தான். ஆனால் இந்த ஆலிவைன் இருக்கும் இடத்தின் குளிர் மைனஸ் 190 டிகிரியை ஒட்டியது. அங்கே படிகம் உருவாக வழியே இல்லை. ஆகவே அது விண்மீனுக்கு அருகில் வெந்து, பிறகு வெளியே அடித்துச் செல்லப்பட்டிருக்க வேண்டும். நம் சூரியக் குடும்பத்திலும் இது நடந்திருக்கிறது: ஸ்டார்டஸ்ட் விண்கலம் வைல்டு 2 என்ற வால்மீனிலிருந்து 2006இல் பூமிக்குக் கொண்டுவந்த துகள்களில், கடும் வெப்பத்தில் உருவான ஆலிவைன் இருந்தது.

இதில் நமக்கு என்ன? இத்தகைய தூசி ஒட்டி ஒட்டித்தான் பூமி உருவானது. நம் காலுக்குக் கீழே சில பத்து கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் கவசம் என்னும் பாறை அடுக்கின் மேற்பகுதியில் அதிகம் இருப்பதும் ஆலிவைன்தான். நகைக்கடையில் பெரிடாட் என்று விற்கும் பச்சைக்கல்லும் அதுவே. மோதிரத்தில் நீங்கள் அணிந்திருக்கவும்கூடும்.

பீட்டா பிக்டோரிஸை நாமே பார்க்கலாமா? தாராளமாக. பிப்ரவரி நடுவில் இரவு 8 மணியளவில், ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் தெற்கு நோக்கி நில்லுங்கள். பளிச்சென்று தெரிவது அகத்திய நட்சத்திரம். கையை நீட்டி மூன்று விரல் அகலம் வலப்பக்கம் தள்ளிப் பார்த்தால், சற்றே மேலே மங்கலாக ஒரு விண்மீன் தெரியும், அதுதான். தூசித் தட்டு கண்ணுக்குத் தெரியாது. பிராட்ஃபோர்டு ஸ்மித்தும் ரிச்சர்டு டெரிலும் 1984இல் அதை முதன்முதலாகப் படம்பிடிக்க, சிலி நாட்டின் லாஸ் காம்பனாஸ் ஆய்வகத் தொலைநோக்கியில் விண்மீனின் ஒளியை மறைக்க வேண்டியிருந்தது.