குருவியும் கணக்கேடும்

சாட்சியத்தைக் காட்டாது தீர்ப்பை மட்டும் வாசிக்கும் நீதிபதியை யார் நம்புவர்? ஆராய்ச்சியாளர் தம் முடிவை மட்டும் கூறி, அதற்கு ஆதாரமான அளவுகளைப் பெட்டியிற் பூட்டி வைப்பதும் அத்தகையதே. பரிணாம நூலார் இக்குறைக்குக் கண்ட மருந்தினை ஈண்டுச் சிறிது நோக்குவாம்.

1898ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரிற் கடும் பனிப்புயல் வீசிற்று. அடிபட்டு வீழ்ந்த 136 சிட்டுக்குருவிகள் பிரவுன் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் 72 பிழைத்தன, 64 மாண்டன. ஹெர்மன் பம்பஸ் என்னும் பேராசிரியர் அவற்றின் நீளம், எடை, விரித்த சிறகின் அகலம், எலும்பின் அளவு முதலியவற்றைக் குறித்து, சராசரியினின்றும் மிக விலகியவையே பெரிதும் மடிந்தன என்று முடிவு செய்தார். எனினும், அவர் செய்த பேருதவி இம்முடிவன்று. ஒவ்வொரு குருவியின் அளவையும் 1899இல் தம் விரிவுரையோடு ஒருங்கே அச்சிட்டதேயாம். 1972இல் அறிஞர் மூவர் அவ்வளவுகளையே மீண்டும் ஆராய்ந்து, ஆண் குருவிகளுள் உடல் பெரியனவே மிகுதியாகப் பிழைத்தன என்றும், நடுத்தர உருவின பிழைத்தது பெண்களிலேயே என்றும் காட்டினர். குருவிகள் மாய்ந்தன, கணக்கேடு மாயவில்லை. ஆதலின் உண்மை திருந்திற்று.

நிற்க. எல்லாரும் பம்பஸைப் போன்றவரல்லர். 2014இல் வெளியான ஓர் ஆய்வினர், 516 கட்டுரைகளின் மூலத் தரவுகளை அவற்றின் ஆசிரியர்களிடமே கேட்டுப் பார்த்தனர். கட்டுரைக்கு ஓராண்டு மூப்பு ஏறுந்தோறும், தரவு எஞ்சியிருக்கும் வாய்ப்பு விகிதம் 17 விழுக்காடு குறைந்தது. முகவரிகள் மாறின, பழைய கருவிகளிற் பதிந்தவை படிக்கவொண்ணாதாயின. கரவினால் மட்டுமன்று, காலத்தின் தேய்வினாலும் அறிவு அழிகின்றது.

இதனைத் தடுக்கவே 2011 முதல் 'எவல்யூஷன்', 'அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட்' முதலிய இதழ்கள், கட்டுரைக்கு ஆதாரமான தரவுகளைப் பொதுக் காப்பகம் ஒன்றில் ஒப்புவித்தல் வேண்டும் என விதித்தன. 'டிரையாட்' என்பது அத்தகைய காப்பகங்களுள் ஒன்று.

ஆயினும் ஒரு முறையீடு உண்டு. பல்லாண்டு வெயிலிலும் மழையிலும் உழன்று ஒரு பறவைக் கூட்டத்தைப் பின்தொடர்ந்தவர், தாம் விதைத்ததைப் பிறர் அறுப்பரோ என அஞ்சுகின்றனர். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆகவேதான், வெளியீட்டின்பின் ஓராண்டுவரை தரவைத் திறவாதிருக்க அவ்விதி இடந்தந்தது. எடுத்தாள்வோர் உழைத்தவரின் பெயரைச் சுட்டுதலும் கடனாம்.

தம் முடிவைத் திருத்தப்போகிறவர் எவரெனப் பம்பஸ் அறியார். எனினும், அவர்க்கு வேண்டிய கருவியைத் தாமே தந்து சென்றார். ஆய்வுக் குறிப்பேட்டைத் திறக்கும் நாமும், நம்மைத் திருத்தவல்ல ஒருவர் பின்னர் வருவார் என்று எண்ணியே எழுதுவோமாக.